சப்போர்ட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு டெவலப்பர் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களிடம் என்ன பார்க்கிறார்கள்?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், இப்போது மூன்று வருடமாக ஒரு சர்வீஸ் கம்பெனியில், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் வரும் கோளாறுகளைக் கவனிக்கும் புரொடக்‌ஷன் சப்போர்ட். டெவலப்பர் வேலைக்குப் போட்ட இடங்களில் ஆன்லைன் கோடிங் டெஸ்ட்டைத் தாண்டிவிடுகிறார். ஆள் எதிரே உட்காரும் டெக்னிக்கல் ரவுண்டில்தான் ஒவ்வொரு முறையும் போய்விடுகிறது. "என் இங்கிலீஷா, காலேஜா, ஏரியாவா, எது தடுக்கிறது? டெவலப்பர் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறேன் என்று ஒரு கன்சல்டன்சி பணம் கேட்கிறது, போகலாமா?" என்று எழுதியிருக்கிறார். இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது: என்னால் மாற்ற முடிந்த ஒன்றால் தோற்கிறேனா, மாற்றவே முடியாத ஒன்றால் தோற்கிறேனா?

நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால், மாற்ற முடிந்த ஒன்றால்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்குகிறேன். நான் திருவொற்றியூரில் வளர்ந்தவன். பல வருடமாக பேக்எண்ட் டெவலப்பர் வேலை, கூடவே டீமுக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களும் நடத்துகிறேன். அதனால் நான் சொல்வது ஜாவா, டேட்டாபேஸ், சர்வர் பக்க வேலைகளுக்குப் பொருந்தும். மொபைல் ஆப், டேட்டா சயின்ஸ் வேலைகளுக்கு நான் இன்டர்வியூ எடுத்ததில்லை, அவற்றுக்கு அந்தத் துறைக்காரர்களைக் கேளுங்கள்.

எந்த ரவுண்டில் வெளியே வருகிறீர்கள் என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. காலேஜ் பெயர் வேலை செய்யும் இடம் ரெஸ்யூமே சலிக்கும் இடம். அது அநியாயம்தான், ஆனால் நடக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு டெஸ்ட் லிங்க் வருகிறது, அதைத் தாண்டியதும் இன்டர்வியூவுக்கும் கூப்பிடுகிறார்கள். அப்படியென்றால் காலேஜ் என்ற சல்லடையைத் தாண்டியாயிற்று. கோடிங் டெஸ்ட் பாஸ் ஆகிறீர்கள் என்றால் லாஜிக்கும் வருகிறது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பேசிக்கொண்டே யோசிப்பது.

அந்த ரவுண்டில் என்ன நடக்கிறது என்று எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "எண்கள் அடங்கிய ஒரு பட்டியல் தருகிறேன், அதில் ஏதாவது இரண்டு எண்களைக் கூட்டினால் நான் சொல்லும் தொகை வருமா?" என்று கேட்கிறோம். பழைய கேள்வி, எல்லோருக்கும் தெரியும். பலர் தலையைக் குனிந்து பத்து நிமிடம் பேசாமல் டைப் செய்கிறார்கள். எங்களிடம் ஒரு ஃபீட்பேக் படிவம் இருக்கும். கேள்வியைப் புரிந்துகொண்டாரா, எப்படி அணுகினார், கோடு (code) எப்படி எழுதினார், தானே சோதித்துப் பார்த்தாரா என்று அதில் எழுத வேண்டும். பேசாமல் இருந்தவருக்கு அதில் எழுத எதுவும் இருக்காது. கடைசியில் கோடு ஓடவில்லை என்றால், அவர் எவ்வளவு தூரம் சரியாக வந்தார் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

அதே கேள்விக்கு இன்னொருவர் முதலில் நாலு விஷயம் கேட்பார். நெகட்டிவ் எண் வருமா, ஒரே எண்ணை இரண்டு முறை எடுக்கலாமா, பட்டியல் வரிசைப்படுத்தியிருக்கிறதா, எத்தனை எண்கள் இருக்கும்? அப்புறம், "எல்லா ஜோடியையும் பார்ப்பது எளிய வழி, ஆனால் 10 லட்சம் எண்கள் இருந்தால் சுமார் 50 ஆயிரம் கோடி ஜோடிகள் வரும், அது ஆகாது. பார்த்த எண்களை, தேடினால் உடனே கிடைக்கும்படி வைக்கும் ஒரு ஹேஷ் செட்டில் போட்டுக்கொண்டே போனால், ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் ஜோடி ஏற்கெனவே வந்ததா என்று ஒரு தடவை பார்த்தால் போதும், ஒரே சுற்றில் முடியும், அதற்குப் பதிலாக மெமரி செலவாகும்" என்பார். இவர் கோடில் ஒரு செமிகோலன் விட்டாலும் நான் கவலைப்பட மாட்டேன். இரண்டு பேருக்கும் விடை தெரியும், ஆனால் தெரிந்ததை வெளியே காட்டியவர் ஒருவர்தான்.

பார்வையாளர் இருந்தால் மூளை வேலை செய்யாமல் போவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2020இல் அமெரிக்காவின் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 48 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பேர் ஆள் முன்னால் போர்டில் எழுதிக்கொண்டே விளக்க வேண்டும், மீதிப் பேர் அதே கணக்கைத் தனி அறையில் போட வேண்டும். ஆள் முன்னால் போட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. சின்ன ஆய்வு என்பதால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் நான் நேரில் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. வீட்டில் தனியாக நூறு கணக்குப் போடுவது இந்தப் பயத்துக்கு மருந்தாகாது. ஆள் முன்னால் போட்டுப் பழகினால்தான் போகும். நண்பர் யாரையாவது எதிரே உட்கார வையுங்கள், கம்ப்யூட்டர் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. முதலில் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போடுங்கள். சிந்தனை கோர்வையாக வந்த பிறகு இங்கிலீஷுக்கு மாறுங்கள். ஆட்டோ கம்ப்ளீட் இல்லாத வெறும் எடிட்டரில் எழுதுங்கள், பல கம்பெனிகள் அப்படித்தான் தருகின்றன.

இங்கிலீஷ் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது ஒரு பொருட்டே இல்லை என்று சொல்பவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள். வெளிநாட்டு கிளையன்ட்டோடு தினமும் பேச வேண்டிய வேலைக்கு இங்கிலீஷைத் தனியாகவே எடை போடுவார்கள். மற்ற வேலைகளில் இலக்கணப் பிழைக்காக ஒருவரை நிராகரித்ததாக நான் பார்த்த ஃபீட்பேக்கில் இல்லை. "புரியவில்லை" என்று நிராகரித்தது உண்டு. இரண்டும் வேறு வேறு. புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், மனப்பாடம் செய்த நீளமான இங்கிலீஷ் பத்திகள். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் இழை அறுந்துவிடும், பிறகு ஒட்டவே ஒட்டாது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். "ஐ செக்டு த லாக். ஐ சா எ டைம்அவுட். சோ ஐ செக்டு த கனெக்‌ஷன் பூல்." இவ்வளவு போதும். தொழில் சொற்கள் எல்லாம் எப்படியும் இங்கிலீஷ்தான், அவை உங்களுக்கு ஏற்கெனவே வாயில் இருக்கின்றன. எதிரே இருப்பவர் தமிழ்க்காரர் என்றால், சிக்கலான ஒரு இடத்தை மட்டும் தமிழில் சொல்லலாமா என்று கேட்பதில் தவறில்லை. சிலர் சரி என்பார்கள், சிலர் மாட்டார்கள்.

இனி உங்கள் கேள்வியில் எனக்கு வருத்தம் தந்த ஒரு வரி. "சப்போர்ட்டில் வெட்டியாக மூன்று வருடம் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெட்டி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் நடு ராத்திரியில் எப்படியெல்லாம் விழும் என்று பார்த்தவர் நீங்கள். கோடு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த புராஜெக்ட்டுக்குப் போன டெவலப்பர்கள் பலர் அதைப் பார்த்ததே இல்லை. ஆனால் சப்போர்ட்டிலிருந்து வருகிறவர்கள் அதைச் சொல்லும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். "சாயங்காலம் ஆனால் ஆர்டர் பக்கம் தொங்கிவிடும் சார், சர்வரை ரீஸ்டார்ட் செய்வோம், சரியாகிவிடும்" என்பார்கள். அதோடு நிறுத்திக்கொள்வார்கள். என் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியாகிறது?

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் நீங்கள் பாதி டெவலப்பர். இப்படி ஒரு காரணம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்ளிகேஷன் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்குப் புதிதாகக் கனெக்‌ஷன் திறப்பதில்லை. கொஞ்சம் கனெக்‌ஷன்களைத் திறந்து ஒரு பூலில் வைத்துக்கொண்டு, எடுத்து எடுத்துத் திருப்பி வைக்கும். ஜாவாவில் அப்ளிகேஷன் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டில், அதன் 2ஆம் பதிப்பு முதல் வழக்கமாக வருவது ஹிகாரி என்ற பூல். நாம் எதையும் மாற்றாவிட்டால் அதில் அதிகபட்சம் 10 கனெக்‌ஷன். பத்தும் வெளியே இருந்தால், அடுத்து வருபவர் 30 விநாடி காத்திருப்பார், அப்புறம் எரர். இப்போது கோடில் எங்கோ ஓர் இடத்தில் கனெக்‌ஷனை நேரடியாக எடுத்து, எக்செப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வந்தால் மூடாமல் விட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு எக்செப்ஷனுக்கும் ஒரு கனெக்‌ஷன் போய்விடும். காலையில் ஒன்று, மதியம் மூன்று என்று போய், சாயங்காலம் பத்தும் காலி. பக்கம் தொங்குகிறது. ரீஸ்டார்ட் செய்தால் புதிதாகப் பத்து வருகிறது. மறுநாள் அதே கதை.

இது வெறும் ஊகம் இல்லை என்று எப்படிக் காட்டுவீர்கள்? சிஸ்டம் நடப்பதை எழுதி வைக்கும் லாகில் எரர்கள் எல்லாம் ரெக்வெஸ்ட் வந்து சரியாக 30 விநாடி கழித்து விழுந்திருக்கும். அந்த நொடியில் எந்தத் திரெட் (ஒரு வேலையைச் செய்யும் இழை) எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் திரெட் டம்ப் எடுத்தால் கனெக்‌ஷன் கேட்கும் வரியிலேயே வரிசையாகத் திரெட்கள் நிற்கும். டேட்டாபேஸ் பக்கம் போய்ப் பார்த்தால் அந்தப் பத்து செஷனும் வேலை ஏதும் இல்லாமல் சும்மா இருக்கும். கனெக்‌ஷன் தொலைந்துபோகாமலும் இதே அறிகுறி வரலாம். டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டே மெதுவாகப் பதில் தரும் ஒரு பேமென்ட் கேட்வேயைக் கூப்பிட்டால், அந்த நேரம் முழுக்க கனெக்‌ஷன் கையில் மாட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கூட்டம் குறைந்ததும் தானாகச் சரியானால் அது மெதுவான அழைப்பு. ராத்திரி ஆள் இல்லாதபோதும் சரியாகாமல் ரீஸ்டார்ட் வரை தொங்கினால் அது லீக், அதாவது எடுத்தது திரும்பி வராமல் தொலைவது. லீக் என்றால், எந்தக் கோடு எடுத்துத் திருப்பித் தரவில்லை என்று லாகில் காட்ட ஹிகாரியிலேயே ஒரு செட்டிங் இருக்கிறது. ஜாவா 7இலிருந்து இருக்கும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் முறையில் எழுதினால் எக்செப்ஷன் வந்தாலும் கனெக்‌ஷன் மூடிவிடும். பூல் அளவை 10இலிருந்து 50 ஆக்குவது சாயங்கால விழுகையைச் சில நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். இவ்வளவையும் சின்னச் சின்ன வாக்கியத்தில் ஒருவர் சொன்னால், அவர் இதுவரை எந்த டீமில் இருந்தார் என்று நான் கேட்கவே மாட்டேன்.

ஆகவே வீட்டுப்பாடம் இது. நீங்கள் பார்த்த டிக்கெட்களில் (பதிவான கோளாறு புகார்களில்) மனதில் நின்றவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன தெரிந்தது, எதைச் சந்தேகப்பட்டீர்கள், எதை எப்படி இல்லையென்று தள்ளினீர்கள், கடைசியில் காரணம் என்ன, திரும்ப வராமல் இருக்க என்ன செய்திருக்கலாம். காரணம் தெரியாமல் மூடிய டிக்கெட் என்றால் இப்போதாவது அந்த டெவலப்பரிடம் போய்க் கேளுங்கள். கோடு படிக்க அனுமதி இருந்தால் அந்த இடத்தைத் திறந்து படியுங்கள், இல்லையென்றால் மேனேஜரிடம் ஒரு சின்ன பக் ஃபிக்ஸ் கேட்டு வாங்குங்கள். கிளையன்ட் பெயரையும் அவர்கள் டேட்டாவையும் மட்டும் இன்டர்வியூவில் சொல்லாதீர்கள். அடுத்தவர் ரகசியத்தைச் சொல்பவர் நாளைக்கு எங்கள் ரகசியத்தையும் சொல்வார் என்றுதான் நினைப்போம்.

படிக்க வேண்டியவை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப், ஸ்டாக், கியூ, ட்ரீ, கிராஃபில் இரண்டு வகைத் தேடல், இவை கைக்கு வர வேண்டும். டைனமிக் புரோகிராமிங்கிலிருந்து தொடங்கி மனம் உடையாதீர்கள், அது எல்லா இடத்திலும் வருவதில்லை. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஜாயின், இண்டெக்ஸ், டிரான்சாக்‌ஷன் மூன்றையும் ஆழமாகப் பாருங்கள். தேதி இருக்கும் நெடுவரிசையில் (column) இண்டெக்ஸ் இருந்தும், நிபந்தனை எழுதும் WHERE பகுதியில் அந்த நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டால் சாதாரண இண்டெக்ஸ் ஏன் பயன்படாமல் போகிறது என்று விளக்கத் தெரிந்தால், அது பத்து வரையறைகளை ஒப்பிப்பதைவிட மேல். ஆன்லைன் இன்டர்வியூவில் ஏஐ கருவியைப் பக்கத்தில் ஓட விட்டுப் பதில் படிக்கிறவர்களும் உண்டு. கண் போகும் திசையிலும், "ஏன்" என்ற அடுத்த கேள்வியிலும் அது தெரிந்துவிடும். இதனாலேயே சில கம்பெனிகள் இப்போது ஒரு ரவுண்டையாவது நேரில் வைக்கின்றன.

அடுத்து ஏரியா. வடசென்னை என்றதும் முகம் மாறுகிறவர்களை நானும் பார்த்து வளர்ந்தவன்தான், அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது, எங்கள் ஃபீட்பேக் படிவத்தில் முகவரிக்கு இடமில்லை, யார் எங்கிருந்து வருகிறார் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. மனதுக்குள் யார் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ரெஸ்யூமேயில் சென்னை என்று போட்டால் போதும், வீட்டு எண் அந்தக் கட்டத்தில் யாருக்கும் தேவையில்லை. கேட்டால் வியாசர்பாடி என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

எச்ஆர் உண்மையில் கேட்பது தூரத்தைத்தான். "சிறுசேரிக்குத் தினமும் வருவீர்களா, மூன்று மாதத்தில் விட்டுவிடுவீர்களா" என்ற கவலை அவர்களுக்கு. அதற்குத் தயாரான பதில் வைத்திருங்கள். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ஏறினால் அதே ரயிலில் பட்டரவாக்கத்தில் இறங்கலாம், அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் கம்பெனிகளை முதலில் தேடிப் பாருங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ வந்ததிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்கள் ரயில் மாறாமல் கிண்டி போகிறார்கள். சிறுசேரிதான் கஷ்டம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ வழித்தடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது முழுதாக ஓடும் வரை அந்தப் பக்கம் என்றால் அங்கேயே ரூம் எடுத்துத் தங்குவதாகச் சொல்வதுதான் நடைமுறை. ஆன்லைன் ரவுண்டுக்கு வீட்டில் தனி அறை இல்லை, தெருவில் மைக் செட் சத்தம் என்றால், கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் போய்ப் பாருங்கள், உட்கார்ந்து வேலை செய்யவும் படிக்கவும் இடம் தருகிறார்கள்.

கன்சல்டன்சிக்குப் பணம் கட்டாதீர்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்து எந்தத் தேதி விலகினீர்கள் என்பது உங்கள் பிஎஃப் யுஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கணக்கில் இருக்கிறது. வெரிஃபிகேஷன் செய்பவர்கள் பார்ப்பதில் அதுவும் ஒன்று. போலிக் கம்பெனி ஒன்றைச் சேர்த்தால் தேதிகள் மோதும், வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்தாலும் வெளியே அனுப்புவார்கள். அதைவிட முக்கியம், உங்களுக்கு அது தேவையே இல்லை. சர்வீஸ் கம்பெனி ரிலீவிங் லெட்டரில் பெரும்பாலும் சிஸ்டம் இன்ஜினியர் மாதிரி பொதுவான பதவிப் பெயர்தான் இருக்கும். உண்மையான மூன்று வருடம் கையில் இருக்கிறது. எழுதிய ஸ்கிரிப்ட்கள், சரிசெய்த எஸ்க்யூஎல், கண்டுபிடித்த காரணங்கள், இவற்றை உள்ளது உள்ளபடி ரெஸ்யூமேயில் மேலே கொண்டுவாருங்கள்.

எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள், அதை யாரும் சொல்ல முடியாது. சந்தை மந்தமாக இருந்தால் நல்ல ஆளுக்கும் இழுக்கும். ஒரே ஆளை ஒரு பேனல் வேண்டாம் என்றதும், இன்னொரு பேனல் விரும்பி எடுத்ததும் எங்கள் ஆபீஸிலேயே நடந்திருக்கிறது. நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் அதை மறைக்காமல் முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள், பணம் கட்டிச் சீக்கிரம் விலக உங்கள் ஒப்பந்தத்தில் வழி இருக்கிறதா என்றும் படித்து வையுங்கள். சீக்கிரம் சேரக்கூடியவர் என்று காட்டுவதற்காக ஆஃபர் இல்லாமல் ராஜினாமா போடச் சொல்லி நண்பர்கள் யோசனை தருவார்கள். வீட்டுக்கு உங்கள் சம்பளம் வேண்டும் என்றால் அந்த யோசனையைக் கேட்காதீர்கள். ஆஃபர் வந்ததும் சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்த வருடச் செலவு) தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி, வேரியபிள் (வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையும் பகுதி) எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கும். மாதாமாதம் கைக்கு வருவது எவ்வளவு, வேரியபிள் எப்போது எதை வைத்துத் தருவீர்கள் என்ற இரண்டையும் எச்ஆரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.